அலமாரி தாண்டி வாசித்தல்: மொன்றியல் நகரமும் அதன் நூல்வகைகளும்

1869 நவம்பர் 18ஆம் திகதி மொன்றியலில் யோசப் கிபோர் என்ற அச்சுத் தொழிலாளி இறந்துபோனார். அவர் கத்தோலிக்கர். ஆனாலும் நோத்ர-டாம்-டே-நேஜ் சேமக்காலையில் அவரை அடக்கம் செய்யத் திருச்சபை மறுத்துவிட்டது. 1844இல் தொடங்கிய 'அன்ஸ்டிடியூ கனடியன்' என்ற வாசகர் சங்கத்தில் அவர் உறுப்பினராக இருந்ததுதான் குற்றம். அந்தச் சங்கத்தின் நூலகத்தில் திருச்சபை தடைசெய்த நூல்களும் இருந்தன. அவற்றை அகற்றும்படி ஆயர் இக்னாஸ் பூர்ஜே கேட்டும் சங்கம் இணங்கவில்லை.

கிபோரின் மனைவி ஆன்ரியெற் பிரவுண் வழக்குத் தொடர்ந்தார். தீர்ப்பு வருமுன்பே அவரும் கண்ணை மூடிவிட்டார். 1874இல் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் கிபோர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பெட்டியைக் கொண்டுபோனபோது கூட்டம் திரண்டு சேமக்காலைக் கதவை அடைத்துக் கல்லெறிந்தது. நவம்பர் 16ஆம் திகதி படையினர் காவலோடு போய்த்தான் அடக்கம் நடந்தது. யாரும் தோண்டி எடுக்காதபடி பெட்டியின்மேல் சீமெந்து ஊற்றினார்கள். ஆயரோ அந்தத் துண்டு நிலம் புனிதம் இழந்ததென்று அறிவித்தார்.

அந்தச் சேமக்காலை இருப்பது கோட்-டே-நேஜ் பகுதியில். எண்பதுகளில் வந்திறங்கிய எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் முதலில் வீடெடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக்கூடாது என்பதற்காகப் பிரேதத்தையே மறித்த ஊர் இது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. இன்று யாரும் தடைப்பட்டியல் போடுவதில்லை. பட்டியலை நாமே போட்டுக்கொள்கிறோம். கவிதை, சிறுகதை, நாவல் ஆகிய மூன்றும் இலக்கியம், துப்பறியும் கதை பொழுதுபோக்கு, சித்திரக்கதை பிள்ளைகளுக்கு, ஆய்வுநூல் பேராசிரியர்களுக்கு. இந்தப் பிரிவினை எவ்வளவு நட்டம் என்பதை மொன்றியலின் புத்தகங்களைக் கொண்டே காட்டலாம்.

முதலில் துப்பறியும் கதை. 1951இல் டேவிட் மொன்ட்ரோஸ் என்ற புனைபெயரில் ஒரு மலிவுப் பதிப்பு நாவல் வெளிவந்தது. பெயர் 'த கிரைம் ஒன் கோட் டே நேஜ்'. ரஸல் டீட் என்ற தனியார் துப்பறிவாளன் வரும் கதை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் டோர்வாலில் ஒரு கொலை, மோன் றோயால் மலையில் ஒரு பிணம் என்று இன்னும் இரண்டு நாவல்கள். சூதாட்ட விடுதிகளும் இரவு விடுதிகளும் பொலிஸாரின் கண்முன்னே நடந்த காலம் அது. அந்த ஊழலை விசாரித்த கரோன் ஆணையம் 1950 முதல் 1953 வரை அமர்ந்தது. அந்த விசாரணையில் பெயர் பெற்ற ஜோன் டிராப்போ 1954இல் நகரபிதாவானார். ஆணையத்தின் பக்கங்களை இன்று யார் புரட்டுவார்கள்? அந்த மலிவு நாவல்களில் அந்தக் கால மொன்றியல் உயிரோடு இருக்கிறது. 1973இல் தொடங்கிய வெஹிக்கியூல் பதிப்பகம் 'ரிக்கொஷே' என்ற வரிசையில் இவற்றை மறுபதிப்புச் செய்து மீட்டெடுத்திருக்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. நம்மிடையே சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்ததை இதோடு ஒப்பிடலாம். ஆனால் தமிழிலேயே, வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதல் ராஜேஷ்குமார் வரை ஆய்வுக் குறிப்புகளுடன் ஒரு நல்ல தொகுப்பு வரிசை வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

பெல்பாஸ்டில் இருந்து 1948இல் கனடாவுக்கு வந்த நாவலாசிரியர் பிரையன் மூர், மொன்றியல் 'கசெற்' பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டு முதலில் எழுதியவை மலிவுத் துப்பறியும் கதைகள்தான். 1955இல் 'ஜூடித் ஹேர்ன்' நாவல் வந்தது. 1960இல் மொன்றியலில் தடுமாறும் ஓர் ஐரிஷ் குடியேறியின் கதையான 'த லக் ஒஃப் ஜிஞ்சர் கொஃபி' வந்தது. பெயர் வந்தபின் பழைய மலிவுக் கதைகளை அவர் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு மனிதனை நெருக்கடியில் நிறுத்திப் பக்கத்துக்குப் பக்கம் வாசகரை இழுத்துச் செல்லும் வித்தையை அவர் பழகிய இடம் அதுவென்றே நான் நினைக்கிறேன். சுஜாதாவை நினைத்துப் பாருங்கள். 'என் இனிய இயந்திரா' எழுதிய அதே கைதான் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எழுதியது. எங்கள் யாழ்ப்பாணத்தில் செங்கை ஆழியான் 'ஆச்சி பயணம் போகிறாள்' என்று சிரிக்க வைத்தார், 'காட்டாறு' என்று கோபப்பட வைத்தார், இடையில் புவியியல் பாடநூல்களும் எழுதினார். எழுதியவர்கள் வேலி போடவில்லை. வாசிக்கிற நாம் ஏன் போடவேண்டும்?

சித்திரக்கதைக்கு மொன்றியல் ஒரு தலைநகரம் என்றே சொல்லவேண்டும். 'ட்ரோன் அன்ட் குவார்ட்டர்லி' பதிப்பகத்தை 1989இல் கிறிஸ் ஒலிவெரோஸ் இங்கே தொடங்கினார். பேர்னார் வீதியில் 2007 முதல் அதன் புத்தகக்கடை இருக்கிறது. ஜூலி டூசே என்ற மொன்றியல் பெண் 1988இல் தன் கதைகளைத் தானே வரைந்து, போட்டோகொப்பி எடுத்து விநியோகித்தவர். 2022இல் பிரான்சின் அங்கூலேம் விழாவின் மாபெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது. கியூபெக் நகரில் பிறந்த கி டெலில் வடகொரியாவிலும் பர்மாவிலும் வாழ்ந்ததை வரைந்தார்; ஜெருசலேம் பற்றிய நூலுக்கு 2012இல் அங்கூலேமின் சிறந்த நூல் விருது பெற்றார். இவை பயணநூல்கள்தான், கோட்டோவியத்தில் எழுதப்பட்டவை. வன்னிப் போரின் கடைசிக் கட்டத்தை பெஞ்சமின் டிக்ஸும் லின்ட்ஸி பொல்லொக்கும் 2019இல் 'வன்னி' என்ற சித்திர நாவலாகத் தந்தார்கள். நம் கதையே இந்த வடிவத்தில் வந்துவிட்ட பிறகும் இதைச் சிறுவர் அலமாரிக்குத் தள்ளுவது நியாயமில்லை.

இந்த வகை நமக்குப் புதிதும் அல்ல. சிவகாசியில் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸையும், 1984இல் வந்த லயன் காமிக்ஸையும் கைமாற்றி வாசித்து வளர்ந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். 'கேப்டன் டைகர்' என்று நாம் அறிந்தவன் பிரெஞ்சில் புளூபெரி. லக்கி லூக் இரண்டிலும் லக்கி லூக்தான். 'இரத்தப் படலம்' பிரெஞ்சு மொழியில் பெயருக்குப் பதில் எண்ணைத் தலைப்பாகக் கொண்ட தொடர். பெரி-யூகாம் மெற்றோவில் இறங்கினால் 2005 ஏப்ரலில் திறந்த பெரிய நூலகம் இருக்கிறது. கியூபெக்கில் வசிக்கும் எவருக்கும் அங்கத்துவம் இலவசம். அதே ஆண்டில்தான் மொன்றியல் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக இருந்தது. அந்த நூலகத்தில் 'பேந் தெசினே' என்ற பிரெஞ்சுச் சித்திரக்கதை அடுக்குகளில் இந்தக் கதைகளைக் கேட்டு எடுக்கலாம். பிரெஞ்சு வகுப்பில் வினைச்சொல் அட்டவணையோடு போராடிக் களைத்தவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கதை ஏற்கெனவே தெரியும், படம் கைகொடுக்கும், பேச்சுமொழி தானாக ஒட்டிக்கொள்ளும். இலக்கண நூலைவிட விரைவாக இது வேலை செய்யும்.

பேச்சுமொழி என்றதும் நாடகத்தைத் தொடாமல் போகமுடியாது. 1968இல் மிஷேல் த்ராம்ப்ளேயின் 'லே பெல்-சேர்' மேடையேறியது. ஒரு தொழிலாளர் வீட்டுக் குசினி. போட்டியில் வென்ற பத்து இலட்சம் முத்திரைகளைப் புத்தகத்தில் ஒட்டுவதற்காக வீட்டுக்காரி ஜெர்மேன் அயலட்டைப் பெண்களைக் கூப்பிடுகிறாள். பேச்சு நீள நீள, வந்தவர்கள் முத்திரைகளைக் களவெடுத்துக் கைப்பைக்குள் ஒளிக்கிறார்கள். நாடகம் முழுவதும் மொன்றியல் கிழக்குப் பகுதியின் பேச்சுவழக்கான ழுவாலில். கொச்சையை மேடையேற்றலாமா என்று பெரிய சண்டை நடந்தது. இலங்கையில் பேச்சுத்தமிழில் எழுதுவது பற்றி அறுபதுகளில் நடந்த 'இழிசனர் வழக்கு' விவாதத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் ஒவ்வொரு வாதமும் பழக்கமானதாக இருக்கும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அதற்கும் முன்பே யாழ்ப்பாணப் பேச்சை நாடகத்தில் கொண்டுவந்தவர். த்ராம்ப்ளேயின் நாடகம் 1992இல் மொன்றியலிலேயே இத்திஷ் மொழியில் மேடையேறியது. அதைத் தமிழில், யாழ்ப்பாணத்துக் குசினிப் பேச்சில், யாராவது செய்யவேண்டும்.

இத்திஷ் வாசகர்கள் நமக்குப் பாடம். கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த ஏழை யூதர்கள் 1914இல் இங்கே ஒரு மக்கள் நூலகம் தொடங்கினார்கள். நூறாண்டு கடந்தும் அது இயங்குகிறது. லோட்ஸ் நகரத்து யூதச் சேரியிலும் வதைமுகாம்களிலும் உயிர்தப்பி 1950இல் மொன்றியல் வந்த ஹாவா ரோசன்பார்ப் தன் மூன்று பாக நாவலை இத்திஷில் எழுதி 1972இல் வெளியிட்டார். ஆங்கிலத்துக்கும் தானே கொண்டுவந்தார். எழுத்தாளருக்குப் பின்னால் ஒரு வாசகச் சமூகமும் நூலகமும் இருந்தன. நாம் 1981இல் 97,000 நூல்களை யாழ்ப்பாணத்தில் எரியக் கொடுத்தவர்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையச் சேகரிப்பு அந்த இழப்புக்குப் பிறகு நடந்த மிகப் பெரிய வேலை. அதில் கவிதைத் தொகுதியும் கோயில் மலரும் பாடநூலும் நினைவுமலரும் ஒரே மதிப்போடு கிடக்கின்றன. நூல்வகை பற்றிய சரியான மனநிலை அதுதான்.

அகதி வாழ்வின் நாவலுக்கு கிம் துய்யின் 'ரு' போதும். படகில் வந்த வியட்நாமியக் குடும்பத்துப் பெண். 2009இல் பிரெஞ்சில் எழுதினார். மறு ஆண்டே ஆளுநர் நாயகம் விருது. சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும் நூல். பல துண்டுகள் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. கவிதையா, நினைவுக்குறிப்பா, நாவலா என்று முடிவுகட்ட முடியாது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழர்களில் பலர் வந்துசேர்ந்த ஊர் இது. அவர்களுடைய 'ரு' இன்னும் எழுதப்படவில்லை.

நாம் அதிகம் எட்டிப்பார்க்காத அலமாரி ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மகில் பல்கலைக்கழகத்தின் பிளாக்கர்-வுட் சேகரிப்பில் சென்னைப் பறவைகள் இருக்கின்றன. சென்னை உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவரின் மனைவி எலிசபெத் குவில்லிம் 1801 முதல் 1807இல் அங்கேயே இறக்கும்வரை வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் அவை. உயிருள்ள பறவைகளைப் பார்த்து, பெரிய தாள்களில், பல பறவைகளை அவற்றின் உண்மையான அளவிலேயே வரைந்தார். இறகின் அடுக்கு, அலகின் வளைவு, விரல்நகம் வரை கவனித்த கை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் சாப்பாடும் செடிகொடியும் மனிதர்களும் வருகிறார்கள். பறவையியலாளர் கேஸி வுட் 1920களில் லண்டனில் இவற்றைக் கண்டெடுத்து மொன்றியலுக்குக் கொண்டுவந்தார். ஓவியத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் 200 ஆண்டுக்கு முந்திய சென்னை முழுதாகத் தெரியும். ஒன்றை இயற்கை விஞ்ஞானம் என்றும் மற்றதை வரலாறு என்றும் பிரித்துவிட்டால் இரண்டுமே அரைகுறை. மொன்றியலின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்து லெஸ்லி ஓர், சோழர் காலக் கல்வெட்டுகளை வாசித்துக் கோயிற்பெண்களைப் பற்றி 2000இல் எழுதிய நூலும் அப்படித்தான். அந்தப் பெண்கள் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்கள், சொத்து வைத்திருந்தவர்கள் என்பதைக் கல்வெட்டுச் சான்றோடு அவர் காட்டுகிறார். நம் வரலாற்று நாவல்களை வாசிப்பவர்கள் கையோடு இதையும் வாசிக்கவேண்டும்.

இங்கே எல்லா வகை நூலும் கிடைக்க ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 1981 முதல் நடைமுறையில் இருக்கும் கியூபெக் புத்தகச் சட்டப்படி, பொது நூலகங்களும் பாடசாலைகளும் தங்கள் வட்டாரத்தின் அங்கீகாரம் பெற்ற கடைகளிடம் வழமையான விலைக்கே வாங்கவேண்டும். அதனால் சிறிய கடைகள் நிற்கின்றன. சிறிய கடைகள் நிற்பதால் சிறிய பதிப்பகங்கள் நிற்கின்றன. சுதந்திர இந்தியாவில் முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் கண்ட தமிழ்நாடு இதைக் கவனித்துப் பார்க்கலாம்.

மொன்றியல் தமிழ்ச் சங்கங்களிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். நகர நூலகங்களில் வாசகர்கள் நூல் வாங்கும்படி எழுதிக் கேட்கலாம். கேட்கும்போது நாவலையும் கவிதையையும் மட்டும் கேட்காதீர்கள். லயன் காமிக்ஸ், சமையல் நூல், தமிழில் வந்த விஞ்ஞான நூல், சிறுவர் கதை, துப்பறியும் கதை, கல்வெட்டு ஆய்வு என்று எல்லாவற்றையும் பட்டியலில் போடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் நூலகர் கவனிப்பார்.