ஈரத்துணி உறையின் வாசகங்கள்: ஒரு மதிப்பீடு

"சார், தொண்ணூற்றொன்பது விழுக்காடு தண்ணீர் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் நாங்கள் தண்ணீரையா காசு கொடுத்து வாங்குகிறோம்?"

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் 'பேபி வைப்ஸ்' எனப்படும் ஈரத்துணிகளின் காலி உறை இருந்தது. பிரசவத்திற்குத் தாய்வீடு வந்துள்ள அக்காளுக்காக, நடவுக் கூலியில் மிச்சம் பிடித்து அப்பா வாங்கி வந்ததாம். கேள்வி நியாயமானது. அந்த உறையை ஒரு நூலாகக் கருதி, அதன் வாசகங்களை இங்கு ஆராய்வோம்.

முதல் வாசகம், '99 விழுக்காடு நீர்'. இது பொய்யன்று. ஆனால் எஞ்சிய ஒரு விழுக்காடுதான் கவனிக்க வேண்டியது. ஐப்பசி அடைமழையில் காயாத துண்டு இரண்டே நாளில் நாறுவதை நாம் அறிவோம். ஈரமான துணி மாதக்கணக்கில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கிறதென்றால், கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் பொருளோ ஏற்பாடோ அதில் இருந்தே தீரவேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள அழுக்கைக் கழற்ற, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளும் சேர்ப்பதுண்டு. இவையெல்லாம் அந்த ஒரு விழுக்காட்டில் அடக்கம். துடைத்தபின் கழுவுவதில்லை ஆகையால் அவை தோலிலேயே தங்கும்.

முன்பு பல ஈரத்துணிகளில் இருந்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்னும் காப்புப்பொருள் பலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கியது. கழுவாமல் விடும் ஒப்பனைப் பொருள்களில் அதைச் சேர்க்கக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் விதி செய்தது. இப்பெயர் உறையில் இருந்தால் வாங்காதிருப்பதே நலம். ஆனால் சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் பொடி எழுத்து ஆங்கிலத்திலேயே இருக்கிறது. முன்புறம் பூப்போட்ட பெரிய எழுத்து, பின்புறம் உருப்பெருக்கி தேவைப்படும் எழுத்து! இது உறையின் முதற்குறை.

இரண்டாவது, 'துணி போன்ற மென்மை'. 'போன்ற' என்னும் சொல்லே உண்மையைச் சொல்லிவிடுகிறது. இது தறியில் நெய்த துணியன்று. இழைகளை நீர்த்தாரைகளால் பின்னிப் பிணைத்த தாள். மரக்கூழிலிருந்து பெறும் விஸ்கோஸ் இழை மண்ணில் மட்கும். அதனுடன் பல தயாரிப்புகளில் கலக்கப்படும் பாலியெஸ்டர் எளிதில் மட்காது. 2017-இல் இலண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கொழுப்பும் ஈரத்துணிகளும் இறுகி, 250 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 130 டன் எடையும் கொண்ட அடைப்பு உண்டாயிற்று. நம் ஊரில் புது ஆற்றிலோ வாய்க்காலிலோ எறிந்தால் அது மதகில் போய்ச் சிக்கும். அதனால் நீர் குறைவது கடைமடை வயலுக்குத்தான்.

மூன்றாவது, 'மருத்துவ முறையில் சோதிக்கப்பட்டது'. தேர்வு எழுதினான் என்பதும் தேறினான் என்பதும் ஒன்றாகுமா? இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 280 பச்சிளங் குழந்தைகளில் ஒரு பகுதியினரை ஒருவகை ஈரத்துணியாலும், மற்றவரை நீரும் பஞ்சும் கொண்டும் துடைத்துப் பார்த்தனர். தோலின் ஈரப்பதத்தைப் பொறுத்தவரை இரண்டும் நிகர் என்பதே முடிவு. குழந்தைப் பொருள் நிறுவனம் ஒன்றின் நிதியுதவியோடு நடந்த ஆய்வில்கூட, ஈரப்பதத்தில் நீரைவிட மேலானது என்று கூற இயலவில்லை.

இனி விலை. 15க்கு 20 செ.மீ. அளவுள்ள 72 தாள்கள் 108 ரூபாய் என்று கொள்வோம். தாள் ஒன்று ரூ. 1.50. இன்னொன்றில் 12க்கு 15 செ.மீ. அளவுள்ள 80 தாள்கள் 96 ரூபாய். தாள் ஒன்று ரூ. 1.20. இரண்டாவது மலிவு போலத் தோன்றும். பரப்பால் வகுத்துப் பாருங்கள்: 100 சதுர செ.மீ.க்கு முதலாவது 50 காசு, இரண்டாவது சுமார் 67 காசு! முதலாவதிலேயே நாளுக்கு எட்டுத் தாள் செலவானால், மாதம் 360 ரூபாய்.

எனவே வீட்டில் இருக்கையில் பழைய பருத்தி வேட்டித் துண்டும் வெதுவெதுப்பான நீருமே போதும். துண்டுகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். பயணத்திற்கு உலர்ந்த துண்டுகளையும் காய்ச்சி ஆறிய நீரையும் தனித்தனியே கொண்டு சென்று, வேண்டும்போது நனையுங்கள். முன்கூட்டியே நனைத்து வைத்தால் அடைமழைத் துண்டின் கதைதான்.

தஞ்சையிலிருந்து வேதாரண்யம் வரை பேருந்தில் செல்லும் தாய்க்கு ஈரத்துணி உதவியே, மறுப்பதற்கில்லை. அவர் மணமற்றதாகவும் சிறிய பொட்டலமாகவும் வாங்கட்டும். எடுத்தவுடன் வாயை இறுக மூட வேண்டும். காய்ந்துபோன தாளில் நீர் தெளித்து மீண்டும் பயன்படுத்தலாகாது, காப்புப்பொருள் நீர்த்துவிடும். பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் உலர்ந்தபின் டயாப்பர் அணிவிக்க வேண்டும். தோல் சிவந்தால் ஈரத்துணியை நிறுத்தி, நீரால் கழுவி, ஆறாவிடில் மருத்துவரிடம் காட்டுக. கைக்கும் மேசைக்கும் உரிய கிருமிநாசினித் துணிகள் குழந்தைக்கு ஆகா. பயன்படுத்தியவற்றைக் கழிப்பறையில் போடாமல் குப்பையில் சேர்க்க வேண்டும்.

மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, நீங்கள் வாங்கியது தண்ணீரை அல்ல, தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஒரு வசதியை. வீட்டில் தண்ணீர் இருக்கும்போது அதற்கு ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேளுங்கள்."