விலையில்லா மடிக்கணினியும் லினக்ஸ் உதவியும்

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்ட மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. இது நல்ல முயற்சி. ஆனால் கருவி மட்டும் போதாது.

அக்கணினிகளில் விண்டோஸை அதன் பகிர்வில் மீண்டும் நிறுவினால், துவக்க நிரலான கிரப் அழிந்து, லினக்ஸே போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் லினக்ஸ் கோப்புகள் வட்டிலேயே இருக்கும். லினக்ஸ் உள்ள பென் டிரைவ் மூலம் கணினியைத் துவக்கி, கிரப்பை மீண்டும் நிறுவினால் போதும்.

இத்தகைய அறிவை 2012இல் தொடங்கிய கணியம் இதழும், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு போன்றவையும் தமிழில் பகிர்கின்றன. எனினும், கட்டளையை மட்டும் தரும் விடை ஆபத்தானது: வட்டின் பெயர் மாறினால் பழுது பெரிதாகும். காரணத்தையும் விளக்கும் விடையே கேட்டவரை அடுத்தவருக்கு உதவுபவராக்கும்.