வீட்டுக்குள் துடுப்பு வலிக்கலாமா?

கோவில்பட்டியில் ஆறு கிடையாது. கண்மாயில் ஆண்டுக்குச் சில மாதமே தண்ணீர் நிற்கும். குடிநீரே தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாக வரவேண்டும். இந்தக் கரிசல் காட்டுக்கும் துடுப்புக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் மராட்டியத்தில் நாசிக் மாவட்டத்து வறண்ட கிராமமான தலேகாவ் ரோஹியில் பிறந்த தத்து போகனல், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் போட்டியில் அவருக்கு 13ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் அணியில் தங்கம்.

தீப்பெட்டி ஆபீஸிலும் கடையிலும் நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்குக் காலும் முதுகும் கையும் ஒருசேர அசையும் பயிற்சி நல்லதே. அதற்காக வீட்டுக்கு ‘ரோயிங் மெஷின்’ வாங்க நினைப்பவர்கள் முதலில் விளம்பரத்தை மடித்து வையுங்கள். “உடம்பின் 86 சதவீதத் தசைகள் வேலை செய்கின்றன” என்கிறார்கள். தசைகளை எண்ணிப் பார்த்தார்களா, எடை போட்டார்களா?

பொறியின் அமைப்பு எளிது. பாதங்களைப் பட்டையில் மாட்டிக்கொண்டு, நகரும் இருக்கையில் அமர்ந்து, கைப்பிடியை இழுக்கிறீர்கள். அந்த இழுப்பை ஏதோ ஒன்று தடுக்க வேண்டும். அது எது என்பதில்தான் பொறியின் தரம் இருக்கிறது.

விலை மலிந்தவற்றில் அந்த வேலையைச் செய்வது எண்ணெய் உருளை. இது பழைய யோசனை. அமெரிக்காவில் 1872லேயே காப்புரிமை பெற்றது. சிறு துளை வழியே எண்ணெயைப் பிதுக்குவதால் தடை உண்டாகிறது. இழுக்க இழுக்க எண்ணெய் சூடேறும், சூடேறினால் இளகும், இளகினால் தடை குறையும். பத்தாவது நிமிடத்தில் உங்களுக்குப் பலம் கூடிவிட்டதுபோலத் தோன்றும். கூடியது எண்ணெயின் சூடுதான்! சித்திரை வெயிலில் நீங்கள் உட்காருமுன்பே அது பாதி இளகியிருக்கும். இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

காந்தப் பொறியில் சுழலும் உலோகச் சக்கரத்தின் அருகே காந்தம் நிற்கும், சக்கரத்தைத் தொடாது. சக்கரத்துக்குள் எழும் சுழல் மின்னோட்டமே அதைப் பிடித்து இழுக்கிறது. சத்தம் மிகக் குறைவு. சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் இது பெரிய வசதி. ஆனால் வேகமாக வலித்தால் படகில் போலத் தடை கடுமையாக ஏறாது. திருகைத் திருகித்தான் கூட்டவேண்டும்.

காற்றுப் பொறியின் இன்றைய வடிவம் 1981இல் வந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிக், பீட் டிரைசிகாக்கர் என்ற துடுப்பு வீரச் சகோதரர்கள் சைக்கிள் சக்கரத்தில் தகடுகளைப் பொருத்திச் செய்தார்கள். ‘கான்செப்ட் டூ’ என்ற பெயரில் விற்றார்கள். சக்கரத்தின் வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு, செலவிடும் திறன் எட்டு மடங்கு. ஆகவே வீட்டுப் பாட்டியும் ஹாக்கி ஆடும் பேரனும் ஒரே பொறியை, எதையும் திருகாமல், அவரவர் பலத்துக்கேற்ப வலிக்கலாம். பக்கத்திலுள்ள 1 முதல் 10 வரையிலான நெம்பை உடனே 10இல் வைப்பவர்கள் ஏராளம். அது சைக்கிள் கியர் போன்றது. 10 என்றால் பயிற்சி பத்து மடங்கு ஆகிவிடாது. 3லிருந்து 5க்குள் தொடங்குங்கள்.

குறைகள் உண்டு. இரையும். கரிசல் தூசி வலைக்கண்களை அடைக்கும். வெப்பம் 20 டிகிரியிலிருந்து 40க்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்து தடையும் குறையும். நல்ல பொறியோ இரண்டு இழுப்புகளுக்கிடையே சக்கரம் எவ்வளவு விரைவில் தளர்கிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து, கணக்கைத் தானே திருத்திக்கொள்கிறது. சங்கிலியை 50 மணி நேரப் பயிற்சிக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிட வேண்டும். நீர்த்தொட்டிப் பொறியும் ஏறக்குறைய இதே விதிப்படிதான். தண்ணீர்ப் பஞ்சத்தை நினைத்து அதை ஒதுக்கவேண்டாம். ஒருமுறை 17 லிட்டர் ஊற்றி மருந்து வில்லை போட்டால் நெடுநாள் இருக்கும்.

கலோரிக் கணக்கை அப்படியே நம்பவேண்டாம். கான்செப்ட் டூவின் சூத்திரப்படி 100 வாட் திறனில் ஒரு மணி நேரம் வலித்தால் 644 கலோரி என்று திரை காட்டும். அது சுமார் 79 கிலோ எடையுள்ளவருக்கான கணக்கு. 55 கிலோ எடையுள்ளவருக்கு அந்த நிறுவனமே தரும் திருத்தத்தைப் போட்டால் 552தான் வருகிறது. மற்றப் பொறிகள் பலவற்றில் சூத்திரம் இன்னதென்றே சொல்வதில்லை.

இனி முதுகைப் பற்றி. கிணற்றுக் கப்பியில் வாளிக் கயிறு இழுத்துப் பழகியவர்கள் இங்கும் கையால்தான் தொடங்குவார்கள். அது தவறு. முதலில் கால் உதைக்க வேண்டும். கால் நீண்டபின் உடல் சற்றே பின்சாயும். கை கடைசியில் மடங்கும். திரும்பும்போது முறை தலைகீழ். முதுகைக் கூனி, கையால் வலித்தால் இடுப்பில் வலி வந்து சேரும். முன்பே முதுகுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பணத்தை எடுக்கவேண்டும்.

வீட்டில் 8 அடி நீளம், 2 அடி அகலம் தரை இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருக்கை 14 அங்குல உயரமே இருக்கும் என்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு உயரக் கால் வைத்த வகையே சரி. மதுரையிலோ திருநெல்வேலியிலோ கடைக்குப் போனால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் வலித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.