பவணந்தியார் தராசில் கணினிப் பாடம்

நூலுக்குக் குற்றம் பத்து, அழகு பத்து என்று நன்னூல் பாயிரத்தில் வகுத்து வைத்தார் பவணந்தி முனிவர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, அந்தச் சமண முனிவர் 13ஆம் நூற்றாண்டையொட்டிச் செய்த இலக்கணம் அது. ஓலைச்சுவடிக்குச் சொன்ன அளவுகோல் கணினிப் பாடத்துக்குப் பொருந்துமா? பொருந்தும் என்பதே என் துணிபு. நிறுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தராசில் வைத்தது ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்களை. மும்பை ஐ.ஐ.டி.யின் வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், மத்திய அரசின் நிதியுதவியோடு உருவானவை, இலவசம். ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிஷம். முதலில் ஆங்கிலத்தில் தயாரித்து, பிறகு குரலை மட்டும் தமிழ், வங்காளம் முதலிய மொழிகளில் மாற்றுகிறார்கள். திரையில் ஒருபுறம் பாடம், மறுபுறம் மென்பொருள். ஒரு படியைக் கேட்டு, நிறுத்தி, நாமும் அதையே செய்து பார்க்க வேண்டும்.

முதலில் அழகைச் சொல்லிவிடுகிறேன். ‘லிப்ரே ஆபீஸ் கால்க்’ என்னும் கணக்குத்தாள் பாடத்தில் உதாரணமாக எடுத்துக்கொண்டது ஒரு வீட்டின் வரவு செலவு: சம்பளம், வாடகை, மின்கட்டணம், சலவைக் கூலி. தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் காட்டுவதுதானே உதாரணம்? பேரேடு எழுதிப் பழகிய எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. இன்னொன்று. ஒருமுறை பாடம் கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் பிறருக்கே சொல்லித்தரலாம் என்பது நன்னூலார் கருத்து. எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத ஆசிரியர் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறார்.

இனிக் குற்றம். காதில் விழுவது தமிழ், கண்ணில் படுவது ஆங்கிலப் பட்டியல். ஆங்கிலம் தெரியாதவருக்கு இது ‘மயங்க வைத்தல்’. லிப்ரே ஆபீசுக்குத் தமிழ் முகப்பு இருக்கிறது. அதைத் திறந்து வைத்தே ஒரு பாடம் செய்திருக்கலாம். அடுத்து, தொடக்ககாலப் பாடங்கள் உபுண்டு 10.04, லிப்ரே ஆபீஸ் 3.3.4 பதிப்புகளில் செய்தவை. எந்தப் பதிப்பு என்று பாடத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் மென்பொருள் எங்கேயோ போய்விட்டது. சொன்ன இடத்தில் பொத்தான் இல்லையென்றால் அந்த வரி ‘நின்று பயனின்மை’ ஆகிவிடாதா?

மூன்றாவதுதான் எனக்கு மனக்குறை. எங்கள் கடையில் கணக்கெழுதும் வங்காளத் தம்பி தன் மொழியில் பாடம் கேட்டுத் தேறிவிட்டான். அதைப் பார்த்து, என் மனைவியை வீட்டில் தமிழ்ப் பாடத்தின் முன் உட்கார வைத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. “ஏங்க, இது நியூஸ் வாசிக்கிற மாதிரியில்ல இருக்கு? நமக்குச் சொல்லித்தர மாதிரி இல்லியே” என்றாள். எழுதி வைத்ததை வாசிக்கும் நடை அது. எழுத்துக்கு அது பொருந்தும், குரலுக்குப் பொருந்தாது.

கொல்கத்தாத் தமிழருக்கு இது சின்ன விஷயம் இல்லை. லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் வங்காளமும் படிக்கிறார்கள். பலருக்குத் தமிழ் காதோடு சரி, கண்ணுக்கு வரவில்லை. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுத 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் நல்ல பணி செய்தது. ஆனால் அதை எழுத்துக் கூட்டி வாசிக்கவே நம் பேரப்பிள்ளைகள் திணறுவார்கள். அவர்களுக்கு எட்டுவது குரல்தான். அந்தக் குரல் அம்மா பேசும் தமிழில் இருந்தால், கணினியோடு தமிழும் கூடவே வந்துவிடும். ‘சொடுக்குக’ என்பதை விட ‘இங்க ஒரு தட்டு தட்டுங்க’ என்றால் பிள்ளை உடனே கை வைக்கும்.

குறை சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடாது. ஆசிரியனுக்கு இலக்கணம் வகுத்த பவணந்தியார், மாணாக்கனுக்கும் வகுத்தார். கேட்டதை நினைத்துப் பார்ப்பதும், ஐயத்தை வினாவுவதும் அவன் கடமை. ‘ரொம்ப நல்லாயிருக்கு’ என்று பாராட்டி எழுதினால் பாடம் செய்தவருக்கு ஒரு பயனும் இல்லை. எத்தனையாவது நிமிஷத்தில், எந்தச் சொல்லில், எந்தப் படியில் மாட்டிக்கொண்டோம் என்று எழுதினால்தான் அவர்கள் திருத்த முடியும்.

ஆகவே அன்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாட்டியையும் பேத்தியையும் ஒரே பாடத்தின் முன் உட்கார வையுங்கள். நீங்கள் குறுக்கே பேசாமல், பக்கத்தில் ஒரு தாளோடு உட்காருங்கள். இருவரும் எங்கெங்கே முழிக்கிறார்களோ, அதையெல்லாம் குறித்து அனுப்பி வையுங்கள்.