வீட்டில் ஒரு சி.என்.சி. ரவுட்டர்: ஒரு நூலும் ஒரு பட்டறையும்

வீட்டிலேயே சி.என்.சி. ரவுட்டர் செய்யணும்னு ஆசைப்படுகிறவர்கள் பலரும் என்றாவது ஒருநாள் வந்து சேரும் நூல் ஒன்று உண்டு. பேட்ரிக் ஹுட்-டேனியல், ஜேம்ஸ் ஃப்ளாய்ட் கெல்லி இருவரும் எழுதிய ‘பில்ட் யுவர் ஓன் சி.என்.சி. மெஷின்’. ஏப்ரெஸ் பதிப்பகம் 2009இல் வெளியிட்டது. அதை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை இயந்திரம் செய்வதற்காக. இரண்டாம் முறை, செய்த இயந்திரம் ஏன் சரியாக வரவில்லை என்று கண்டுபிடிப்பதற்காக. இந்தக் குறிப்பு இரண்டாம் வாசிப்பைப் பற்றியது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி விளக்கம். தச்சர்கள் கையில் பிடித்து மரத்தில் பள்ளமும் ஓரமும் எடுக்கும் ரவுட்டர் தெரியும்தானே? அதை ஒரு சட்டத்தில் மாட்டி, முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் என மூன்று திசையிலும் மோட்டார் வைத்து, கணினி சொல்கிற இடத்துக்கு நகர்த்தினால் அதுதான் சி.என்.சி. ரவுட்டர். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் நிலைக்கதவுக்குப் பூவேலை செய்து தருகிற கடைகளில் ஓடுவது இதன் பெரிய அண்ணன்.

முதலில் நூலின் நல்ல குணங்கள். பயமுறுத்தாமல் எழுதியிருக்கிறார்கள். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு பாகம், அந்த பாகத்துக்கு என்ன வாங்கணும், எங்கே துளை போடணும் என்று பொறுமையாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சட்டம் எம்.டி.எஃப். பலகை. தண்டவாளத்துக்குப் பதிலாக அலுமினிய ஆங்கிளும் சின்ன பேரிங்கும். தொழிற்சாலைக்குள் காலே வைக்காத ஒருவர், வீட்டில் இருக்கும் டிரில்லை வைத்து ஒரு இயந்திரத்தை நகர வைக்கலாம் என்று நம்பவைக்கிறது நூல். அந்த நம்பிக்கை இல்லையென்றால் நானும் தொடங்கியிருக்க மாட்டேன்.

என் சிக்கல் அந்த நம்பிக்கையின் அடியில் இருக்கும் ஒரு எண்ணத்தோடுதான்: எல்லா அறிவும் வரைபடத்தில் இருக்கிறது, மீதி வெறும் உழைப்பு என்பது அந்த எண்ணம். நூல் இதை எங்கும் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் அப்படித்தான் படித்தேன். இருபது வருஷம் சாஃப்ட்வேர் எழுதியவனுக்கு அப்படிப் படிக்கத்தான் வரும். கோடு சரியாக இருந்தால் எந்தக் கணினியிலும் ஓடணுமே!

ஓடவில்லை. அளவுகள் அமெரிக்க முக்கால் இஞ்ச் பலகைக்கு, அதாவது 19 மி.மீ. இங்கே மரக்கடையில் கிடைப்பது 18 மி.மீ. ஒரு மி.மீ. தானே என்று விட்டேன். பலகையின் கனத்தைக் கழித்தோ கூட்டியோ வருகிற மற்ற அளவெல்லாம் அந்த ஒரு மி.மீ.யோடு நகர்ந்துவிட்டன. அடுத்தது, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் குறுக்குத் துளை நட். அங்கே மரச்சாமான் உதிரிபாகக் கடையில் கிடைப்பது. நான் ஏறி இறங்கிய கடைகளில் இல்லை. கடைசியில் லேத் பட்டறையில் உருண்டைக் கம்பியை வெட்டி, துளை போட்டு, மரை எடுத்து வாங்கினேன். லேத் இல்லாதவன் செய்யக்கூடிய எளிய வழி என்று தேர்ந்தெடுத்த வடிவமைப்புக்கு, முதல் வேலையே லேத்தில்! அப்போதே யோசித்திருக்கணும்.

இயந்திரம் ஓடியது. 100 மி.மீ. வட்டம் வெட்டச் சொன்னால் கொஞ்சம் முட்டையாக வெட்டியது. கட்டை மரத்தில் இறங்கினால் கடகடவென்று நடுங்கியது. ஐப்பசி மழையில் எம்.டி.எஃப். ஈரம் குடித்து உப்பி, ஒரு பக்கம் இறுகியது. தப்பு நூலின் மேல் இல்லை. நூல் தன் ஊருக்கு நேர்மையாக இருந்தது. நான்தான் என் ஊரைப் பார்க்கவில்லை.

இந்த வகை எழுத்துகளில் அடிக்கடி வரும் ஒரு கணக்கை இங்கே பார்க்கலாம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். டிரைவர் ஒவ்வொரு அடியையும் எட்டாகப் பிரித்தால் 1,600. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் திருகுத்தண்டு போட்டால், ஒரு அடிக்கு 0.003 மி.மீ. மூன்று மைக்ரான்! இதைப் படித்ததும் மனசு பறக்கும். ஆனால் இது கணினி எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கலாம் என்பதன் அளவு. வெட்டும் முனை எங்கே நிற்கும் என்பதன் அளவு அல்ல. அதை முடிவு செய்வது சட்டத்தின் விறைப்பு.

அதற்கும் கணக்கு உண்டு. இரண்டு முனையிலும் தாங்கிய ஒரு மீட்டர் உத்தரம், நடுவில் பக்கவாட்டில் 5 கிலோ தள்ளுகிறது என்று வையுங்கள். 80-க்கு 40 மி.மீ. முழு எம்.டி.எஃப். கட்டை என்றால் சுமார் 0.8 மி.மீ. வளையும். அதே வெளி அளவில் 3 மி.மீ. சுவருள்ள எஃகு டியூப் என்றால் 0.03 மி.மீ. கூட வளையாது. கிட்டத்தட்ட முப்பது மடங்கு வித்தியாசம். எடை மட்டும் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. நூலில் பலகைகளைக் கோர்த்துப் பெட்டியாக்குவதால் நிலைமை இவ்வளவு மோசம் இல்லை என்பதையும் சொல்லிவிடணும். ஆனாலும் மூன்று மைக்ரான் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அப்படியென்றால் நூல் ஏன் எஃகை எடுக்கவில்லை? அந்த நூலின் வாசகருக்குப் பலகை வாங்குவது சுலபம், வெல்டிங் தெரிந்த ஆளைப் பிடிப்பது கஷ்டம். நம்ம ஊரில் தலைகீழ். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் இந்தியா முழுக்கப் போகிறது. எஃகை வெட்டி, நேராக நிறுத்தி, பற்றவைத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கினாலும் விடாமல் இருக்கச் செய்வது இந்தச் சமவெளியின் அன்றாட வேலை. அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் பசை தடவி எம்.டி.எஃப். ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சட்டத்துக்கு ஒரு பாடி பட்டறைக்குப் போனேன். அறுபதை நெருங்கும் வெல்டர். என் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அளவெல்லாம் போட்டிருக்கீங்க தம்பி. எதை முதல்ல பத்தவெக்கோணும்னு எங்க போட்டிருக்கீங்க?” என்றார்.

போடவில்லை. போடணும் என்றே எனக்குத் தெரியாது.

“ஒரு பக்கமா இழுத்துட்டே போனா சூடு ஒரு பக்கமாவே ஏறி சட்டம் திருகிக்குங்க. அப்புறம் என்ன தட்டினாலும் திரும்பாது.”

முதலில் எல்லா மூலைக்கும் டேக் மட்டும். பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்கு அளவும் ஒன்றா என்று பார்த்தார். ஒன்றாக வரும்வரை தட்டினார். அப்புறம் எதிரெதிர் மூலையாக மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்தார். நடுவில் ஆறவிட்டார். “ரயில் உக்கார்ற இடத்துக்கு ஒரு பட்டை வெச்சுத் தர்றேன். அதை பிளேனர்ல ஒரே செட்டிங்ல சீவிக்கங்க. வெல்டிங்கை நம்பி ரயில் மாட்டாதீங்க தம்பி” என்று சொல்லித்தான் அனுப்பினார். என் வரைபடத்தில் இல்லாத மூன்று விஷயங்கள்: வரிசை, ஆறும் நேரம், எதை நம்பக்கூடாது என்பது. இயந்திரத்தின் துல்லியம் அந்த மூன்றிலும்தான் இருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு நூலைச் சொல்லணும். டேவிட் நோபிள் 1984இல் எழுதிய ‘ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்’. எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரம் பிறந்த கதை. அமெரிக்க விமானப்படையின் பணத்தில் எம்.ஐ.டி. ஆய்வகம் 1952இல் அதை இயக்கிக் காட்டியது. அதற்கு முன்பே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேறொரு வழியும் முயற்சிக்கப்பட்டிருந்தது. அனுபவமுள்ள தொழிலாளி முதல் பாகத்தைத் தன் கையால் செய்வார். அவருடைய அசைவை நாடாவில் பதிவு செய்து, இயந்திரம் அதையே திரும்பச் செய்யும். முதல் வழியில் அறிவு அலுவலகத்தில் எழுதப்படுகிறது. இரண்டாவதில் பட்டறைத் தளத்தில் பிறக்கிறது. முதலாவது ஜெயித்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல, வேலையின் பிடி யார் கையில் இருக்கணும் என்ற கேள்வியும் காரணம் என்பது நோபிளின் வாதம்.

வீட்டுப் பட்டறையில் இந்தச் சண்டை கிடையாது, நிரல் எழுதுகிறவனும் இயந்திரம் ஓட்டுகிறவனும் ஒரே ஆள்தானே என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணமும் தப்பு. நிரலை நான் எழுதினேன், சட்டத்துக்கான அறிவு வேறொருவரிடமிருந்து வந்தது, ஆனால் பார்க்க வருகிற நண்பர்களிடம் “நானே செஞ்சது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ‘நீங்களே செய்யுங்கள்’ வகை நூல்கள் எல்லாவற்றிலும் எனக்கு இன்று இருக்கும் முக்கியமான குறை இதுதான். ‘நீங்களே’ என்ற சொல் அக்கம்பக்கத்துக் கைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது.

இயந்திரத்தை வைத்துச் செய்கிற வேலையிலும் இதே கேள்வி வருகிறது. சேலம் மாவட்டத்திலேயே தம்மம்பட்டியில் மரச்சிற்பிகள் தலைமுறையாக இருக்கிறார்கள். வாகை மரத்தில் நார் ஓடும் திசை மாறினால் உளியின் திசையும் மாறும். என் இயந்திரம் கோப்பில் இருப்பதை மட்டும் வெட்டும், நார் பிய்ந்தாலும் கவலைப்படாது. மூன்று அச்சு இயந்திரத்தின் முனை மேலிருந்து மட்டுமே இறங்குவதால், உள்ளே குடைந்து ஒரு இதழை மரத்திலிருந்து விடுவிக்கவும் அதற்கு வராது. இணையத்தில் இறக்கிய ஒரே பூ, ஊர் ஊராக நிலைக்கதவில் வருகிறது. கோப்பு தருகிறவருக்குப் பெயர் உண்டு, இயந்திரத்துக்கும் பெயர் உண்டு. அந்தப் பூவை முதலில் கையால் செதுக்கியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் அந்த 2009 நூலைப் படிக்கவேண்டாமா? தாராளமாகப் படியுங்கள். மோட்டார், திருகுத்தண்டு, மூன்று அச்சு எப்படி ஒன்றோடொன்று பேசுகின்றன என்பதற்கு இன்றும் நல்ல தொடக்கம். மின்னணுப் பகுதி மட்டும் பழசு. அன்றைக்கு வீட்டு இயந்திரங்களுக்கு பேரலல் போர்ட் வழக்கம், இன்றைக்கு ஒரு ஆர்டுயினோவில் ஜி.ஆர்.பி.எல். ஏற்றினால் போதும். சட்டத்தைப் பற்றிய அத்தியாயங்களை மட்டும் ஒரு உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் எந்தக் கைகள் எதில் தேர்ந்தவை என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். வரைபடத்தை அதற்கப்புறம் போடலாம்.

இப்போது என் வரைபடத்தில் ஒரு புதிய பத்தி இருக்கிறது: பற்றவைக்கும் வரிசை. அதன் கீழே அந்த வெல்டரின் பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “பேரெல்லாம் எதுக்குங்க தம்பி, வட்டம் வட்டமா வருதா?” என்றார்.

வருகிறது அண்ணா.