அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் மாற்றம் – ஒரு விமரிசன நோக்கு

அத்திலாந்திக் சமுத்திரத்தின் பெயரைத் தாங்கிய விளையாட்டுக் கூட்டமைப்பொன்றில், பசிபிக் கரையோரத்துப் பல்கலைக்கழகங்கள் இரண்டு 2024ஆம் ஆண்டு தொடக்கம் அங்கம் வகிக்கின்றன. பத்து என்னும் எண்ணைப் பெயரிற் கொண்ட 'பிக் ரென்' கூட்டமைப்பிற் பதினெட்டு உறுப்பினர் உளர். பன்னிரண்டைப் பெயராகக் கொண்ட 'பிக் ருவெல்வ்' கூட்டமைப்பிலோ பதினாறு பேர். பெயருக்கும் பொருளுக்குமிடையே இருந்த தொடர்பு இவ்வாறு அறுந்துபோனது தற்செயலன்று. அதன் காரணங்களையும், அதனால் யார் எதை இழந்தனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐக்கிய அமெரிக்காவிற் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், அண்மைக்காலம்வரை பிரதேச அடிப்படையில் அமைந்திருந்த ஏதேனும் ஒரு கூட்டமைப்பைச் சார்ந்தே விளையாட்டுப் போட்டிகளில் ஈடுபட்டு வந்தன. யாரோடு ஆடுவது, ஒளிபரப்புரிமையை எவருக்கு விற்பது, கிடைத்த பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பவற்றைப் பெரும்பாலும் அக்கூட்டமைப்பே தீர்மானிக்கும். பெரும்பணத்தை ஈட்டுவது உதைபந்தாட்டம். (நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். பெயர்ப் பொருத்தமின்மை அங்கேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.)

இக்கூட்டமைப்புகளின் தோற்றம் மனங்கொள்ளத்தக்கது. 1895இற் பேடியூ பல்கலைக்கழகத் தலைவரின் அழைப்பின்பேரிற் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிலர் சிக்காகோவிற் கூடினர். உண்மையாகக் கல்வி பயிலும் மாணவரே போட்டிகளில் ஆட வேண்டும், விளையாட்டின் கட்டுப்பாடு ஆசிரியர் கையில் இருக்க வேண்டும் என்பனவே அவர்களது கவலைகள். அடுத்த ஆண்டு உருவான அமைப்பே இன்றைய பிக் ரென். ஆகவே கூட்டமைப்பு என்பது விளையாட்டைக் கல்விக்குக் கீழ்ப்படுத்தும் பொருட்டுக் கல்வியாளர் கண்ட கருவியாகும். அக்கருவியே பின்னர் கல்வியை விளையாட்டுச் சந்தைக்குக் கீழ்ப்படுத்தியமைதான் இவ்வரலாற்றின் முரண்பாடு.

இம்மாற்றத்தின் திருப்புமுனை 1984. அதுவரை தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்டம் எத்தனை தடவை தொலைக்காட்சியிற் காட்டப்படலாம் என்பதற்கு வரையறை விதித்து வந்தது. ஒக்லஹோமா, ஜோர்ஜியா ஆகிய பல்கலைக்கழகங்களின் சார்பிற் தொடரப்பட்ட வழக்கில், அவ்வரையறை வர்த்தகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானதென உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் பைரன் வைற், மாணவப் பருவத்திற் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரராயிருந்தவர். கல்வி நோக்கங்கள் கலந்த ஒரு முயற்சியை வெறும் வர்த்தக முயற்சியாகக் கொள்வது தவறு என்பது அவரது வாதத்தின் சாரம். சட்ட நோக்கில் பெரும்பான்மையினர் கூறியது சரியாயிருக்கலாம். ஆயின் ஆடுகளத்தை அறிந்தவர் கண்ட அபாயமே பின்னர் மெய்யாயிற்று. ஒளிபரப்புரிமை கூட்டமைப்புகளின் கைக்கு வந்தது. தொலைக்காட்சி நிறுவனங்கள் விரும்பும் பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொள்வதே கூட்டமைப்புகளின் தொழிலாயிற்று.

2022 ஜூன் மாத இறுதியில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்களும் பசிபிக்-12 கூட்டமைப்பை விட்டுப் பிக் ரென்னிற் சேரப்போவதாக அறிவித்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் பிக் ரென் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களுடன் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் பெறுமதி 700 கோடி டொலருக்கும் மேலென அறிவிக்கப்பட்டது. பசிபிக்-12 இற்கு அத்தகைய ஒப்பந்தம் கிட்டவில்லை. 2023இன் கோடையிற் கொலராடோ முதலிற் போயிற்று. பின்னர் ஒறேகனும் வாஷிங்டனும் ஒரு பக்கமாகவும், அரிசோனாவின் இரு பல்கலைக்கழகங்களும் யூற்றாவும் இன்னொரு பக்கமாகவும் விலகின. செப்டெம்பர் முதலாந் திகதி ஸ்ரான்போட்டும் பேர்க்லியும் அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பைத் தஞ்சமடைந்தன. ஒறேகன் ஸ்ரேற், வாஷிங்டன் ஸ்ரேற் ஆகிய இரண்டுமே எஞ்சின.

பிரயாணத்தை நோக்குவோம். பழைய பசிபிக்-12, பூகோளத்தை அறிந்து வகுக்கப்பட்ட ஒன்று. வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு, ஒறேகனில் இரண்டு, சான் பிரான்சிஸ்கோ குடாவருகே இரண்டு, லொஸ் ஏஞ்சல்சில் இரண்டு, அரிசோனாவில் இரண்டு, மலைநாட்டில் இரண்டு என அதன் உறுப்பினர் இணையிணையாக அமைந்திருந்தனர். கூடைப்பந்தாட்ட அணியொன்று ஒரே பிரயாணத்தில் ஓர் இணையின் இருவரோடும் ஆடிவிட்டுத் திரும்பலாம். இன்று லொஸ் ஏஞ்சல்ஸ் மாணவி நியூ ஜேர்சியிலுள்ள றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் செல்லவேண்டுமாயின் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் பறக்கவேண்டும். மூன்று மணிநேர வேறுபாட்டையும் தாங்கவேண்டும். உதைபந்தாட்டக்காரருக்கு இது பெருந்துன்பமன்று. வாரத்துக்கு ஓர் ஆட்டம், அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமை. வாடகைக்கு அமர்த்திய தனிவிமானம். கரப்பந்தாட்டம், மென்பந்தாட்டம் முதலியவற்றில் ஈடுபடுவோரின் நிலை வேறு. அவர்களுக்கு ஆட்டங்கள் பல, பார்வையாளர் சிலர், இழக்கும் விரிவுரைகளோ அதிகம். எந்த ஆட்டத்தின் பொருட்டு இம்மாற்றம் செய்யப்பட்டதோ அந்த ஆட்டத்தினர் குறைவாகவும், எவரைப் பற்றி எவரும் சிந்திக்கவில்லையோ அவர்கள் மிகுதியாகவும் விலை கொடுக்கின்றனர். உதைபந்தாட்டத்தை மட்டும் தனியே பிரித்துவிட்டு, ஏனைய விளையாட்டுகளைப் பழைய அயலவரோடு ஆடவிடலாமென 2023இன் இறுதியில் அன்றைய லொஸ் ஏஞ்சல்ஸ் பயிற்றுநர் சிப் கெலி யோசனை கூறினார். உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவருக்குத் தோன்றிய இது, கல்வி நிருவாகிகளுக்குத் தோன்றாதது வியப்பே.

பகைமைகள் பற்றியும் சொல்லவேண்டும். பகைமை என்பது ஈண்டு அயலாரிடையே தலைமுறைகளாக வளர்ந்த ஆட்டப் போட்டியைக் குறிக்கும். கன்சாஸ், மிசூரி ஆகியவற்றின் பகைமை அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்திய எல்லைக் கலவரங்களின் நினைவைச் சுமப்பது. மிசூரி 2012இற் தென்கிழக்குக் கூட்டமைப்புக்குச் சென்றதும் அவற்றின் உதைபந்தாட்டம் நின்றது. 2025 செப்டெம்பரிலேதான் மீண்டும் ஆடப்பட்டது. 1894இல் ஆரம்பித்த ரெக்சாஸ் – ரெக்சாஸ் ஏ அன்ட் எம் ஆட்டமும் 2011இன் பின் நின்றுபோய், இருவரும் ஒரே கூட்டமைப்பில் மறுபடி சந்தித்த 2024 நவம்பரிலேயே உயிர்த்தது. பகைவர் பிரிவதும் சேர்வதும் அவர்தம் விருப்பாலன்று, ஒப்பந்தங்களால் என்பதையே இவை காட்டுகின்றன. வாஷிங்டன் மாநிலத்து இரு பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் நவம்பர் இறுதியில் ஆடிவந்த 'அப்பிள் கிண்ண' ஆட்டம், 2024இற் செப்டெம்பருக்குத் தள்ளப்பட்டது. கைவிடப்பட்ட வாஷிங்டன் ஸ்ரேற் அதில் 24–19 என வென்றது. அம்முடிவு எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி தந்ததென்பதை ஒளிக்க விரும்பவில்லை.

ஏனைய விளையாட்டுகளைக் காப்பதற்கே பணம் வேண்டும் என்பது நிருவாகிகளின் வாதம். இதில் உண்மையே இல்லையென்று கூறிவிட முடியாது. 2012இற் கடன் சுமையால் ஏழு அணிகளைக் கலைத்த மேரிலாந்து, 1953இல் தான் சேர்ந்து நிறுவிய கூட்டமைப்பையே விட்டு 2014இற் பிக் ரென்னில் இணைந்தது. ஆனால் வருவாயோடு செலவும் வளர்கிறது. கலிபோர்ணியாவில் நிகழ்ந்ததோ நகைப்புக்குரியது. லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகமும் பேர்க்லி வளாகமும் ஒரே அரச பல்கலைக்கழகத்தின் உறுப்புகள். முன்னது விலகியதாற் பின்னது நட்டமடைந்தது என்று கண்ட ஆளுநர் சபை, மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கோடி டொலரை முன்னது பின்னதுக்கு வழங்கவேண்டுமென 2024இல் விதித்தது. பத்திரிகைகள் இதனை மணவிலக்குப் பெற்றோர் செலுத்தும் பராமரிப்புப் பணத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தன. தந்தையின் ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றிய பணத்தை இலாபமென்பதா?

எனினும் பழமையைப் போற்றிப் புலம்புவோரோடும் என்னால் முற்றாக உடன்பட முடியவில்லை. பசிபிக்-12 இன் மூதாதையான பசிபிக் கரைக் கூட்டமைப்பு 1915இற் தோன்றி, வீரருக்கு இரகசியமாகப் பணம் வழங்கிய ஊழல்களின் பின் 1959இற் கலைந்தது. உடனே கலிபோர்ணியரும் வாஷிங்டனும் புதிய சங்கமொன்றை அமைத்தனர். அப்போதும் வெளியே நிறுத்தப்பட்டவருள் வாஷிங்டன் ஸ்ரேற்றும் ஒறேகன் ஸ்ரேற்றும் இருந்தன. முன்னது 1962இலும் பின்னது 1964இலுமே சேர்க்கப்பட்டன, ஐடஹோ சேர்க்கப்படவேயில்லை. பெரு நகரத்தார் சிறு நகரத்தாரை உதறுவது தொலைக்காட்சி கற்றுக்கொடுத்த பாடமன்று. மேலும், அப்பொற்காலத்தில் ஆடியவர்க்கு வெளிப்படையான ஊதியமில்லை. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையின் பின்னரே, பல்கலைக்கழகங்கள் வருவாயின் ஒரு பங்கை வீரருக்கு நேரடியாக வழங்கத் தொடங்கின. முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 205 இலட்சம் டொலர். அதிற் பெரும்பகுதி உதைபந்தாட்ட வீரரையே சேரும். நள்ளிரவு விமானத்திற் பாடநூலை விரிக்கும் கரப்பந்தாட்ட மாணவிக்கு எஞ்சுவது சொற்பமே.

எஞ்சிய இருவரும் நீதிமன்றஞ் சென்று கூட்டமைப்பின் பெயரையும் சொத்தையும் மீட்டனர். புதிய உறுப்பினர்களைத் தேடி, 2026 ஜூலை தொடக்கம் அதனை மீள அமைப்பதென முடிவுசெய்தனர். அவ்வாறு அழைக்கப்பட்டவருள் ஒன்று ரெக்சாஸ் ஸ்ரேற் பல்கலைக்கழகம். அதற்கு அண்மையிலுள்ள கடல் மெக்சிக்கோக் குடா, பசிபிக் அன்று.