ஆத்தியும் ஆப்டாவும்: ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ நூலை முன்வைத்துச் சில எண்ணங்கள்

வெளிமாநிலத் தமிழ்ச் சங்க மலர்களில் செடிகொடிகளைப் பற்றி வரும் கட்டுரைகளுக்கு ஒரு வழக்கமான போக்கு உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பாடினார் என்று தொடங்கும், பட்டியல் வரும், தமிழனின் இயற்கை அறிவை வியந்து முடியும். வியப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த 99-இல் எத்தனை பூவைச் செடியில் காட்ட முடியும் என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் பலர் பேச்சை மாற்றிவிடுவோம்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்ற நூல்கள் தமிழில் இரண்டைச் சிறப்பாகச் சொல்லலாம். ஒன்று, பி.எல். சாமி எழுதி 1967-இல் வெளிவந்த ‘சங்க இலக்கியத்தில் செடி கொடி விளக்கம்’. மற்றொன்று, கு. சீநிவாசன் எழுதித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’. சாமி அவர்கள் பாட்டில் வரும் வருணனையையும் ஊர்வழக்குப் பெயரையும் எடைபோட்டு, இது இன்ன செடி என்ற முடிவுக்கு வருவார். சீநிவாசன் அவர்கள் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு செடிக்கும் தாவரக் குடும்பம், இலை, மஞ்சரி, புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்த வட்டம், சூலகம் என்று வரிசையாக விவரம் தருகிறார். இலக்கிய ஆர்வலர்கள் இந்தப் பகுதியைப் ‘பள்ளிப் பாடம் மாதிரி இருக்கே’ என்று புரட்டிவிடுவார்கள். நூலின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். பெயர் ஊருக்கு ஊர் மாறும். இலையின் அமைப்பும் பூவின் அமைப்பும் அப்படி மாறாது. மூவேந்தர் பூக்களையே எடுத்துக்கொள்வோம். சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. மூன்றும் மூன்று குடும்பம்.

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூவுறுப்புகள் மும்மூன்றாக அமையும். தென்னை, ஈச்சை, பாக்கு எல்லாம் இதே குடும்பம்தான்.

வேம்பின் பூவைக் கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து வெள்ளை இதழ். நடுவில் மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரு சிறு குழாயாக நிற்கும். இந்தக் குழாய்தான் வேம்புக் குடும்பத்தின் முத்திரை. கறிவேப்பிலை என்று பெயரிலேயே வேப்பிலையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோமே, அது இந்தக் குடும்பமே இல்லை. அதன் பூவில் தாள்கள் தனித்தனியாக இருக்கும். கறிவேப்பிலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசியால் குத்தினாற்போல் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். எலுமிச்சை இலையிலும் வில்வ இலையிலும் இதே புள்ளிகளைக் காணலாம். மூன்றும் ஒரே குடும்பம். வேடிக்கை என்னவென்றால், மராத்தியிலும் வேம்பு ‘கடுலிம்ப்’, கறிவேப்பிலை ‘கடிலிம்ப்’. இலையின் வெளித்தோற்றத்தைப் பார்த்து இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி ஆத்தி. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். நம்ம வீட்டுப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் முதலில் ஒப்பிப்பது ஆத்திசூடி. ‘ஆத்தின்னா என்ன?’ என்று கேட்டால் ‘ஒரு பூ’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இதே பிள்ளைகள் தசரா அன்று பக்கத்து வீட்டு மராத்தி நண்பர்களிடமிருந்து ‘தங்கம்’ என்று ஓர் இலையை வாங்கி வருகிறார்கள். ஹடப்சரில் அந்த இலைக் கட்டும் செண்டுமல்லிப் பூவும் சேர்த்து விற்பதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். அந்த மரம் மராத்தியில் ஆப்டா. அறிவியல் பெயர் பௌகினியா ரேசிமோசா. ஆத்தி என்று நம் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டும் மரமும் அதே பௌகினியா ரேசிமோசாதான். சோழன் சூடிய பூவின் இலையைத்தான் நம் பிள்ளைகள் வருஷாவருஷம் கையில் வாங்குகிறார்கள், இரண்டும் ஒன்று என்று தெரியாமலே.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். விற்கும் இலையெல்லாம் ஆப்டா அல்ல. நம்மூர் மந்தாரை இங்கே ‘காஞ்சன்’. அதன் இலையும் இதே போல் நுனியில் இரண்டாகப் பிளந்து மாட்டுக் குளம்பு மாதிரி இருக்கும். அதையும் ஆப்டா என்று கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆத்தி இலை சிறியது, தடித்தது, நீளத்தைவிட அகலம் கூடியது. மந்தாரை இலை பெரியது, மெல்லியது. இலையில் சந்தேகம் வந்தால் பூதான் தீர்ப்புச் சொல்லும். ஆத்திப் பூ சிறியது, வெளிர் நிறம், கொத்தாக வரும். வளமான மகரந்தத் தாள் 10. மந்தாரைப் பூ பெரியது, பகட்டானது. செம்மந்தாரை வகைகளில் வளமான தாள் மூன்றோ ஐந்தோதான் இருக்கும். ஆனால் ஆத்தி பூப்பது வெயில் காலத்தில். தசராவில் இலை மட்டுமே கிடைக்கும். குழப்பம் நீடிப்பதற்கு இதுவே காரணம். ஐப்பசி வாக்கில் ஊதாப் பூவோடு நிற்கும் மரத்தைக் காட்டி ‘இது ஆப்டா’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்படிச் சரிபார்க்கும் வழியை நமக்குத் தருவதால்தான் சீநிவாசன் நூலை நான் உயர்வாக மதிக்கிறேன். அதற்காகக் குறை இல்லை என்று சொல்ல முடியாது.

முதல் குறை, குடும்ப அட்டவணை பழசு. நூல் பின்பற்றுவது பெந்தம்-ஹூக்கர் முறை. அது 1862 முதல் 1883 வரை வெளிவந்த பகுப்பு. மரபணு ஆராய்ச்சியை ஒட்டி 1998-இல் ஏ.பி.ஜி. என்னும் புதிய பகுப்பு வந்தது. அதன் நான்காம் பதிப்பு 2016-இல் வெளியானது. பழைய முறையில் தாமரையும் ஆம்பலும் ஒரே குடும்பம். இன்று தாமரை தனிக் குடும்பம். ஆம்பலுக்கும் அதற்கும் ரொம்ப தூரம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் சில்வர் ஓக் மரம் அதற்கு நெருங்கிய உறவு! கேட்கவே விநோதமாக இருக்கும். ஆனால் குளத்தில் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தாமரையும் ஆம்பலும் வேறு என்பதில் வியப்பு இராது. ஆம்பல் இலை ஒரு பக்கம் பிளவுபட்டு நீரில் மிதக்கும். தாமரை இலையில் பிளவே கிடையாது. காம்பு நடுவில் குடை மாதிரி சேர்ந்து, நீருக்கு மேலே நிற்கும். தாமரைக்கு மட்டுமே உள்ள அந்தப் ‘பொகுட்டு’ என்ற சொல்லைப் புலவர்கள் அழகாகக் கையாண்டிருக்கிறார்கள். அதுபோலவே நொச்சி இன்று துளசி, தும்பை குடும்பத்தில். எருக்கு இன்று அலரி குடும்பத்தில். இலவம் இன்று பருத்தி, பூவரசு குடும்பத்தில். மறுபதிப்பில் இவற்றைத் திருத்தினால் போதும். இலை, பூ வருணனைகளில் கைவைக்க வேண்டிய அவசியம் வராது.

இரண்டாவது, நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டிய அண்டை மொழிப் பெயர்கள். தமிழ்நாட்டு வாசகரை மனத்தில் வைத்து எழுதிய நூலில் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த வேலை நம்முடையது. அதற்கான கருவியும் இங்கேயே இருக்கிறது. பூனாவில் அறிவியல் கல்லூரி முதல்வராக இருந்த தியடோர் குக் எழுதிய பம்பாய் மாகாணத் தாவர நூல் (1901–1908) மராத்திப் பெயர்களையும் தருகிறது. கேம்பிள் தொடங்கி, அவருக்குப் பின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936) தமிழ்ப் பெயர்களையும் தருகிறது. அறிவியல் பெயரை நடுவில் வைத்து இரண்டையும் பொருத்தினால் கொன்றை – பஹாவா, நொச்சி – நிர்குடி, எருக்கு – ருயி, வாகை – சிரீஷ், இலவம் – சாவர் என்று ஜோடி ஜோடியாகக் கிடைக்கும். சந்தேகம் வந்தால் கேட்க, 1955 முதல் புனேயில் இயங்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையம் இருக்கிறது.

கடைசியாக, நம்மவர்கள் மேடையில் அடிக்கடி சொல்லும் ஒன்றைப் பற்றி. வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியர் பிரித்ததை, ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்பே அதுதான் என்று சொல்லிவிடுகிறோம். அவர் பார்த்தது தண்டின் வைரத்தை. விதையிலையைப் பற்றி அவர் பேசவில்லை. பனையையும் மூங்கிலையும் புல்லோடு சேர்த்த அந்தக் கூர்மையான பார்வைக்கு அதனளவிலேயே பெருமை உண்டு. இல்லாததை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் 99 பூக்களின் பட்டியலை இன்னொரு முறை அச்சிட வேண்டாம். ஒன்பதே ஒன்பது செடிகளைத் தேர்ந்தெடுத்து, தமிழ்ப் பெயர், மராத்திப் பெயர், இலை, பூ, குடும்பம் என்று படத்தோடு போடுங்கள். அந்த வரிசையில் முதலில் ஆத்தி இருக்கட்டும். பங்குனி, சித்திரையில் அது பூக்கும்போது பிள்ளைகளை அழைத்துப் போய், மகரந்தத் தாள் பத்து இருக்கிறதா என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.